ஒன்றரை வரி

கட்டணச் சலுகையைக் கூட்டிக் கேட்கும் படிவத்தில்
பதினோராம் கட்டம்:
'குடும்பச் சூழ்நிலையில் மாற்றம் இருப்பின், காரணம்.'
விட்டிருக்கும் இடம் ஒன்றரை வரி.
அந்த அரை வரியிலும் பாதியை
யாரோ வைத்த டீ டம்ளர் பிடித்துக்கொண்டிருந்தது.

முதலில் முகவரி.
நைனாவின் பள்ளிச் சான்றிதழில்
ஆம்பூர், வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம்.
என் சாதிச் சான்றிதழில் வேலூர்.
போன வாரம் வாங்கிய வருமானச் சான்றிதழில் திருப்பத்தூர்.
மூணும் ஒரே வீடா, என்றார் எழுத்தர்.
ஒரே வீடுதான் சார்.
நாங்கள் நகரவில்லை,
மாவட்டம்தான் குடி மாறிக்கொண்டே இருந்தது.

பிறகு காரணம்.
ஐப்பசியில், போனஸ் பேச்சு ஓடிக்கொண்டிருந்தபோது
கம்பெனி கேட்டில் ஒரு தாள் ஒட்டினார்கள்.
வெளிநாட்டு ஆர்டர் நின்றுபோனதால்
இரண்டாம் லைன், மறு அறிவிப்பு வரும்வரை.
படித்துவிட்டும் உள்ளே போகப் பார்த்தார் நைனா.
டிபன் பாக்ஸ் சைக்கிளில் தொங்கியபடியே இருந்தது.
இருபத்திரண்டு வருஷம் லாஸ்டிங் மெஷினில் நின்று
பார்க்காத தேசத்துக் கால்களுக்காக
ஷூவின் மூக்கை இழுத்து இழுத்து ஒட்டிய கை
இப்போது பள்ளிகொண்டாப் பக்கம் மூட்டை இறக்குகிறது.
லாரி வராத நாளில்
வீட்டிலிருக்கும் எல்லாச் செருப்பையும்
துடைத்துத் துடைத்து வைக்கிறது.

இது எத்தனை வரி?

'சைபர்னு போடுங்க சார்' என்றார் நைனா, கூச்சமே இல்லாமல்.
வி.ஏ.ஓ. சிரித்தார். கெட்ட மனுஷர் இல்லை.
'சைபர் போட்டா மேல திருப்பி அனுப்பிடுவாங்க முனிரத்தினம்.
சாப்புடாமயா கீறீங்க?'
மாதம் ஆறாயிரம் என்று அவரே போட்டுக் கொடுத்தார்.
லைன் நின்ற பிறகு நைனா வாங்கிய முதல் சம்பளம்.
அதை அச்செடுக்க அறுபது ரூபாய் ஆனது.

அம்மா பெயருக்கு எதிரே 'இல்லத்தரசி'.
அரசியின் மடியில் ஒரு சாக்கு ஷூ மேல்தோல்.
கைத்தையல், ஜோடிக்கு ஒன்பது ரூபாய், ஊசி அவள் காசு.
எனக்குப் பாக்கி பதினோராயிரத்து ஐந்நூறு.
பஸ் மாதனூர் தாண்டும்போது வகுத்துப் பார்த்தேன்:
ஆயிரத்து இருநூற்று எழுபத்தெட்டு ஜோடி.
இரண்டு ரூபாய் மிஞ்சும்.

விண்ணப்பத்தை மூன்று தரம் எழுதினேன்.
முதலாவதைப் படித்த பர்வீன்
'கண்ணீர் அஞ்சலி போஸ்டர் மாதிரி இருக்குடி' என்றாள்.
இரண்டாவதில் 'மிகவும் ஏழ்மையான' என்று இருந்தது.
நைனா அந்தச் சொல்லின்மேல் விரல் வைத்தார்.
அடி என்று சொல்லவில்லை.
விரலை எடுக்கவும் இல்லை.

மூன்றாவது:
'என் தந்தை வேலை பார்த்த லைன் நிறுத்தப்பட்டது.
போன வருடச் சலுகை, போன வருட வீட்டுக்குத் தந்தது.'
டம்ளர் கறையில் முட்டி நின்றது கடைசி எழுத்து.
இப்படிக்கு, மு. லோகேஸ்வரி,
இரண்டாம் ஆண்டு வேதியியல்.

எழுத்தர் ஒருமுறை படித்தார், மறுபடியும் படித்தார்.
வேலை போனதுக்கு ஆதாரம்?
கேட்டில் ஒட்டிய தாள் அடைமழையில் போய்விட்டது.
நைனாவின் அடையாள அட்டையை நீட்டினேன்.
முன்னும் பின்னும் திருப்பினார்.
'இது வேலையில இருந்ததுக்கு ஆதாரம்மா.'

ஆமாம் சார்.

அட்டையில் இன்னும் ஒட்டுப்பசை வாசம் இருக்கிறது.
அவருக்கும் எட்டியிருக்க வேண்டும்,
கொஞ்சம் நேரம் கழித்துத்தான் திருப்பித் தந்தார்.
வியாழக்கிழமை வா, பெரியவங்ககிட்ட வச்சுப் பார்க்கிறேன்.

வெளியே வேலூர் வெயில்.
கோட்டைச் சுவரோரம் நின்று போன் போட்டேன்.
'இன்னா சொன்னாங்க?'
வியாழக்கிழமை வரச் சொல்றாங்க நைனா.
'சரி வச்சிர்றேன், லாரி வந்துட்ச்சி.'

குரலில் அதே அவசரம்.
காலையில் சங்கு ஊதும் முன்
சைக்கிள் ஸ்டாண்டை உதைத்துத் தள்ளும்போது
இருக்குமே, அது.